201-ஆம் எண்ணுக்கு இரண்டு பேர்: திங்கட்கிழமை மட்டும் கைரேகை மெஷின் காணாமல் போவது ஏன்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலை முழுக்க நான் ஒருவன்தான் பார்க்கிறேன். 70 கம்ப்யூட்டர், 12 பிரிண்டர், 48 கேமரா, 6 கைரேகை மெஷின் இருக்கின்றன. ஆபீஸ், ஹாஸ்டல் இரண்டிலும் சேர்த்து 150 போன் வரை வைஃபையில் வரும். எல்லாம் 192.168.1 என்ற ஒரே நெட்வொர்க். விண்டோஸ் சர்வர்தான் 50 முதல் 250 வரை ஐபி கொடுக்கிறது. பிரிண்டர்களுக்கு 20-களில் கையால் போட்டிருக்கிறது. கேமராக்களுக்கு கேமரா கம்பெனிக்காரர்கள் 60-இலிருந்து வரிசையாகப் போட்டுவிட்டுப் போனார்கள். உற்பத்திப் பகுதி வாசலில் இருக்கும் கைரேகை மெஷின் (192.168.1.201) திங்கட்கிழமை காலையில் சாஃப்ட்வேரில் 'ஆஃப்லைன்' என்று வருகிறது. மதியத்துக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகிறது. மெஷின்காரர் வந்து பார்த்து 'மெஷின் நல்லா இருக்கு' என்கிறார். போன்களில் பாதிக்கு ஐபி கிடைப்பதில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் வைத்திருந்த எக்செல் ஷீட்டுக்கும் நிஜத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஐபி நிர்வாகத்துக்கு சாஃப்ட்வேர் வாங்க முதலாளி சம்மதித்திருக்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: வணக்கம். இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதிய எண்களிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் அந்த 201. ஜெட்கேடெக்கோ வகைக் கைரேகை மெஷின்கள் பலவும் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 192.168.1.201 என்ற முகவரியோடுதான் வருகின்றன. மாட்டுபவர் அதை மாற்றாமல் விட்டால் அப்படியே நின்றுவிடும். உங்கள் சர்வரோ 50 முதல் 250 வரை யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிறது. 201 அந்த வரம்புக்குள் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அது ஏற்கெனவே ஒரு மெஷினுடையது என்று சர்வருக்கு யாரும் சொல்லவில்லை.

மெஷின் மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வரை பெரிய சிக்கல் வராது. புதிதாக ஐபி வாங்கும் போன் பெரும்பாலும், அதைப் பயன்படுத்தும் முன் 'இந்த எண் யாரிடமாவது இருக்கிறதா' என்று நெட்வொர்க்கில் ஒரு ஏஆர்பி கேள்வி கேட்டுப் பார்க்கும். மெஷின் பதில் சொன்னால் போன் அந்த எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை உற்பத்திப் பகுதியின் மெயினை நிறுத்துவீர்கள் என்று நினைக்கிறேன். ஹாஸ்டல் வைஃபையும் சர்வர் ரூமும் ஓடும். அன்றைக்கு ஒரு போன் வந்து கேட்கிறது, சர்வர் 201-ஐ நீட்டுகிறது, போன் விசாரிக்கிறது, அணைந்து கிடக்கும் மெஷின் பதில் சொல்ல முடியாது. எண் போனுக்குப் போய்விடுகிறது. திங்கள் காலை மெயினைப் போட்டதும் மெஷின் தன் பழைய 201-ஓடு எழுந்து வருகிறது. இப்போது ஒரே எண்ணுக்கு இரண்டு பேர். வருகைப்பதிவு சாஃப்ட்வேர் ஓடும் கம்ப்யூட்டர், 201 என்றால் எந்த மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) என்று கடைசியாக யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதோ அங்கேதான் பாக்கெட்டை அனுப்பும். அது போனாக இருந்தால் மெஷின் 'ஆஃப்லைன்'. அந்தப் போன் வைஃபையை விட்டு வெளியே போனதும் எல்லாம் தானாகச் சரியாகும். மெஷின்காரர் வந்து சேரும் நேரத்தில் தகராறு செய்த போன் அங்கே இருக்காது. அவர் சொன்னது பொய் இல்லை.

அடுத்த முறை நடக்கும்போது இதை உறுதி செய்துகொள்ளலாம். வருகைப்பதிவு கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஏஆர்பி கட்டளையை '-ஏ' என்ற குறியோடு கொடுங்கள். 192.168.1.201-க்கு நேரே ஒரு மேக் முகவரி வரும். அதை மெஷினின் மெனுவில் நெட்வொர்க் பகுதியிலோ பின்புற ஸ்டிக்கரிலோ இருக்கும் மேக்கோடு ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் வழக்கு முடிந்தது. விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்குள்ளேயே இதே மோதல் நடந்தால் இன்னும் எளிது. ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியில் 'டிசிபிஐபி' என்ற மூலத்திலிருந்து 4199 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும். எதிராளியின் மேக் முகவரியும் அதிலேயே இருக்கும்.

உடனடி மருந்து: டிஹெச்சிபி (சர்வரில் ஐபி கொடுக்கும் சேவை) கன்சோலில் அந்த ஸ்கோப்பின் (கொடுக்கும் எண் வரம்பு) எக்ஸ்குளூஷனில் (கொடுக்கக் கூடாதவை) 201-ஐச் சேர்த்துவிடுங்கள். லீஸ் பட்டியலில் (யாருக்கு எந்த எண், எவ்வளவு காலத்துக்கு என்ற பட்டியல்) 201 யார் பெயரிலாவது இருந்தால் அந்தப் பதிவை நீக்கிவிட்டு, அந்தப் போனின் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லுங்கள். இது பத்து நிமிட வேலை. மற்ற 5 மெஷின்களின் எண்களையும் இதே கையோடு பார்த்துவிடுங்கள்.

கேமராக்களின் கதையும் இதேதான். ஹிக்விஷன் கேமரா 192.168.1.64, தாவா கேமரா 192.168.1.108 என்ற தொழிற்சாலை எண்ணோடு வருவது வழக்கம். உங்களிடம் 60-இலிருந்து 48 கேமரா என்றால் கிட்டத்தட்ட 107 வரை போகும். அத்தனையும் சர்வர் கொடுக்கும் வரம்புக்குள். நாளைக்கு ஒரு புதுக் கேமராவைப் பெட்டியிலிருந்து எடுத்து நேராக நெட்வொர்க்கில் செருகினால், பழைய 64-ஆம் கேமராவின் படம் விட்டுவிட்டு வர ஆரம்பிக்கும். புதுக் கேமராவையோ மெஷினையோ முதலில் ஒரு லேப்டாப்போடு தனியாக இணைத்து எண்ணை மாற்றிவிட்டுத்தான் நெட்வொர்க்கில் விட வேண்டும் என்று மாட்ட வருபவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். (கேமராப் படங்களைப் பதிவு செய்யும் என்விஆர் பெட்டியின் பின்புறமே கேமராக்களுக்கான, கேபிள் வழியே மின்சாரமும் தரும் பிஓஇ போர்ட்கள் இருந்து, கேமராக்கள் அதில் நேராகச் செருகப்பட்டிருந்தால், அவை பெட்டிக்குள் தனி நெட்வொர்க்கில் இருக்கும், உங்கள் எண்களைத் தொடாது. ஒருமுறை பார்த்துவிடுங்கள்.)

போன்களுக்கு ஐபி கிடைக்காதது தனிக் கோளாறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 முதல் 250 வரை 201 எண்கள். அதில் கேமராவும் கைரேகை மெஷினும் 54 எண்களைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் 147. கேட்கப்போவது 70 கம்ப்யூட்டரும் 150 போனும், ஆக 220. எப்படிப் பிரித்தாலும் 73 பேருக்கு இல்லை. இதற்கு எந்த சாஃப்ட்வேரும் விடை சொல்லாது.

இதைவிட மோசமாக்குவது லீஸ் காலம். விண்டோஸ் சர்வரில் அது தானாக 8 நாள் என்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலுக்கு வந்த தம்பியின் போன் அரை மணி நேரம் வைஃபையில் இருந்தாலும், அந்த எண் எட்டு நாள் கழித்து வரும் திங்கள் வரை அந்தப் போனின் பெயரிலேயே கிடக்கும். அதோடு, கேமராவின் எண்ணை சர்வர் ஒரு போனுக்கு நீட்டி, போன் 'இது வேறு யாரிடமோ இருக்கிறது' என்று மறுத்தால், சர்வர் அந்த எண்ணை 'பேட்_அட்ரஸ்' என்று குறித்து ஒதுக்கி வைக்கும். லீஸ் பட்டியலைத் திறந்து அந்தப் பெயரில் எத்தனை வரிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். கையால் எண் போட்ட கருவிகள் எவ்வளவு தூரம் உள்ளே புகுந்திருக்கின்றன என்பது அதிலேயே தெரிந்துவிடும். சர்வரின் ஈவென்ட் பதிவில் 1020 என்ற எண் வந்தால் ஸ்கோப் நிரம்பப்போகிறது என்று பொருள். 1063 வந்தால் கொடுக்க எண்ணே இல்லை. ஐபி கிடைக்காத விண்டோஸ் கம்ப்யூட்டர் 169.254 என்று தொடங்கும் எண்ணைத் தானே போட்டுக்கொள்ளும். அந்த எண்ணைப் பார்த்ததும் கேபிளைத் தேடி ஓடாமல் முதலில் இந்தப் பதிவுகளைப் பாருங்கள்.

லீஸ் காலத்தை 8 மணி நேரமாகக் குறைத்தால் கொஞ்சம் மூச்சு வரும். ஆனால் குறைத்த மறு நிமிடமே பலன் தெரியாது. ஏற்கெனவே கொடுத்த லீஸ் பழைய கெடுவில்தான் ஓடும். இயங்கிக்கொண்டிருக்கும் கருவி தன் லீஸில் பாதிக் காலம் கடந்ததும் புதுப்பிக்க வரும், அப்போதுதான் புதுக் கெடு அதற்குத் தெரியும். திரும்பி வராத போன்களின் எண்கள் முழு 8 நாளும் கழிந்த பிறகே விடுபடும். அவசரப்பட்டு லீஸ் பட்டியலை மொத்தமாக நீக்கிவிடாதீர்கள். நீக்கினாலும் போன்கள் தங்களிடம் இருக்கும் எண்ணை விடாது. சர்வர் அதே எண்களை அடுத்தவருக்குக் கொடுக்கும், பிறகு எங்கும் மோதல்தான். நீக்கியே ஆக வேண்டுமென்றால் சர்வரின் ஐபிவி4 பண்புகளில் அட்வான்ஸ்ட் பக்கத்தில் 'கான்ஃபிளிக்ட் டிடெக்ஷன்' எண்ணிக்கையை 0-விலிருந்து 2 ஆக்கிவிட்டுச் செய்யுங்கள். கொடுக்கும் முன் சர்வர் இருமுறை பிங் செய்து ('இருக்கிறாயா' என்று கேட்டு) பார்க்கும். பிங்குக்குப் பதில் சொல்லாத கருவிகளை இது பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி அந்த எக்செல் ஷீட். அதைத் திருத்த உட்காராதீர்கள், ஓரமாக வையுங்கள். நெட்வொர்க்கிடமே கேட்டால் மூன்று சாட்சிகள் கிடைக்கும். யாருக்கு எதைக் கொடுத்தேன் என்று சொல்லும் டிஹெச்சிபி லீஸ் பட்டியல் ஒன்று. கன்சோலில் வலது கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட் லிஸ்ட்' கொடுத்தால் கோப்பாகக் கிடைக்கும். எந்த எண்ணில் எந்த மேக் உண்மையில் பேசுகிறது என்று சொல்லும் ஃபயர்வாலின் ஏஆர்பி பட்டியல் இன்னொன்று. அந்த மேக் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று சொல்லும் ஸ்விட்சின் மேக் பட்டியல் மூன்றாவது. மூன்றையும் மேக் முகவரியை வைத்து ஒட்டினால் 'இந்த எண், இந்தக் கருவி, இந்த போர்ட்' என்ற வரி கிடைக்கும். பழைய ஷீட்டைக் கடைசியில் பெயர்களுக்காக மட்டும் பாருங்கள்.

பிங் ஸ்கேன் மட்டும் செய்து 'பதில் வரவில்லை, காலி' என்று எழுதிவிடும் பழக்கம்தான் பல ஷீட்டுகளைக் கெடுத்தது. விண்டோஸின் ஃபயர்வால் பல அமைப்புகளில் பிங்குக்குப் பதில் சொல்லாது. ஆனால் ஒரே சப்நெட்டுக்குள் (ஒரே எண் வரிசையிலுள்ள நெட்வொர்க்) இருக்கும் எந்தக் கருவியும் ஏஆர்பி கேள்விக்குப் பதில் சொல்லாமல் நெட்வொர்க்கில் வேலை செய்ய முடியாது. அதனால் ஸ்கேன் முடிந்ததும் அதே லேப்டாப்பில் ஏஆர்பி பட்டியலை எடுங்கள். பிங்குக்கு வாயே திறக்காதவர்களும் அதில் இருப்பார்கள். என்மேப் என்ற ஸ்கேன் நிரலை அட்மின் உரிமையோடு, '-எஸ்என்' குறியோடு ஓட்டினால் உள்ளூர் சப்நெட்டில் அது தானாகவே ஏஆர்பி முறையில்தான் தேடும்.

ஒரு முறை ஸ்கேன் போதாது. வேலை நாள் காலை 10 மணி, இரவு ஷிஃப்ட், ஞாயிறு என மூன்று நேரங்களிலாவது எடுங்கள். ஸ்விட்சின் மேக் பட்டியலை ஸ்கேன் முடிந்த உடனே எடுக்க வேண்டும். சிஸ்கோ ஸ்விட்சில் சும்மா இருக்கும் மேக் பதிவு 300 நொடியில் அழிந்துவிடும், ஏஆர்பி பதிவோ 4 மணி நேரம் நிற்கும். ஸ்கேன் செய்தால் எல்லாக் கருவிகளும் ஒருமுறை பேசும். அந்தச் சூட்டில் ஸ்விட்சைப் படித்தால் பிரிண்டர் போன்ற தூங்குமூஞ்சிகளும் பட்டியலில் இருக்கும். ஒரு போர்ட்டில் 15, 20 மேக் தெரிந்தால் அது இன்னொரு ஸ்விட்சுக்குப் போகும் கேபிள், அல்லது யாரோ மேசைக்கு அடியில் வைத்த சின்ன ஸ்விட்ச்.

மேக் முகவரியின் முதல் 6 எழுத்துகள் தயாரிப்பாளரைச் சொல்லும். கேமராவா பிரிண்டரா என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும். ஆனால் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் போன் தானே உருவாக்கிக்கொண்ட போலி மேக். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனி மேக் காட்டுகின்றன. ஆபீஸ் வைஃபைக்கும் ஹாஸ்டல் வைஃபைக்கும் வேறு வேறு பெயர் வைத்து, இரண்டையும் ஒரே ஸ்கோப்பில் விட்டிருந்தால் ஒரே போன் இரண்டு எண்களைப் பிடிக்கும். போன்களுக்கு மேக்கை வைத்து ரிசர்வேஷன் (இந்த மேக்குக்கு எப்போதும் இந்த எண் என்று ஒதுக்குவது) போடும் வேலையில் இறங்காதீர்கள். நிலைக்காது. போன் யாருடையது என்று தெரிய வேண்டுமானால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் வைஃபை முறைதான் வழி.

பட்டியலில் என்னென்ன இருக்க வேண்டும்? எண், மேக், என்ன கருவி, எங்கே இருக்கிறது, எந்த ஸ்விட்சில் எந்த போர்ட், எண் எப்படிக் கிடைத்தது (கையாலா, ரிசர்வேஷனா, யார் கேட்டாலும் கொடுக்கும் பொதுப் பூலா), கடைசியாகக் கண்ட நாள். 'முருகன் சார் சிஸ்டம்' என்று எழுதாதீர்கள், 'மெர்ச்சன்டைசிங், ஜன்னல் ஓரம் 3' என்று எழுதுங்கள். ஆள் மாறுவார், மேசை மாறாது. சாஃப்ட்வேருக்குப் போகும் வரை எக்செல்லிலேயே வைத்திருப்பதென்றால் எண், மேக் இரண்டு பத்திகளையும் முதலிலேயே 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். இல்லையென்றால் நடுவில் ஒரே ஒரு 'ஈ' மட்டும் உள்ள மேக்கைப் புள்ளி, கோடு இல்லாமல் அடிக்கும்போது எக்செல் அதை அடுக்கு எண்ணாக நினைத்து மாற்றி வைத்துவிடும்.

இப்போது அடிப்படை மாற்றம். 'சப்நெட்டை /23 (இப்போதைய /24 போல இரண்டு மடங்கு) ஆக்கினால் 510 எண் கிடைக்குமே' என்று யாராவது சொல்வார்கள். கிடைக்கும், ஆனால் இரண்டு பொறிகள் இருக்கின்றன. 192.168.1-ஐ உள்ளடக்கிய /23 என்பது 192.168.0.0 முதல் 192.168.1.255 வரை. பலரும் நினைப்பதுபோல 1-உம் 2-உம் அல்ல. அடுத்தது, கையால் எண் போட்ட ஒவ்வொரு கேமராவிலும் பிரிண்டரிலும் மாஸ்க்கை (சப்நெட்டின் எல்லையைச் சொல்லும் எண்) 255.255.254.0 என்று மாற்றியாக வேண்டும். ஒன்றை மறந்தால் அது 192.168.0 பக்கத்தில் இருப்பவர்களை வெளியூர்க்காரர்கள் என்று நினைத்து பதிலை கேட்வேயிடம் (வெளியே போகும் வாசல்) அனுப்பும். சிலருக்கு பிரிண்ட் வரும், சிலருக்கு வராது. இந்த அரைகுறைக் கோளாறைத் தேடுவது முழுக் கோளாறைத் தேடுவதைவிடக் கொடுமை. தவிர, ஹாஸ்டல் போனும் கேமராவும் கணக்குப்பிரிவு கம்ப்யூட்டரும் ஒரே நெட்வொர்க்கில் கிடக்கும் ஆபத்து அப்படியே நீடிக்கும்.

விலேன் (அதே ஸ்விட்சுகளுக்குள் தனித்தனி நெட்வொர்க்குகள்) பிரிப்பதுதான் சரி. 192.168.1-ஐ விட்டே வெளியே வந்துவிடுங்கள். தொழிற்சாலை எண்களின் தொல்லை போகும். இன்னொரு லாபமும் உண்டு. பல வீட்டு ரூட்டர்கள் 192.168.1 என்ற எண்ணில்தான் ஓடுகின்றன. வீட்டிலிருந்து விபிஎன் வழியாக ஆபீஸ் சர்வரை அழைத்தால், கம்ப்யூட்டர் அந்த எண்ணை வீட்டுக்குள்ளேயே தேடும். அதனால்தான் சிலருக்கு விபிஎன் 'கனெக்ட் ஆகிறது, எதுவும் திறக்கவில்லை' என்று வரும். உங்கள் அளவுக்கு இப்படி ஒரு திட்டம் போதும்:

சர்வர்கள்: 10.20.5.0/24
கம்ப்யூட்டர்கள்: 10.20.10.0/24
பிரிண்டர், கைரேகை மெஷின்: 10.20.20.0/24
கேமரா, என்விஆர்: 10.20.30.0/24
போன்கள்: 10.20.40.0/23 (அதாவது 40, 41 இரண்டும்)
ஸ்விட்ச், வைஃபை பெட்டிகளின் நிர்வாகம்: 10.20.99.0/24

விலேன் எண்ணும் மூன்றாவது எண்ணும் ஒன்றாக இருந்தால், எண்ணைப் பார்த்ததும் எந்தக் கூட்டம் என்று தெரியும். ஒவ்வொன்றிலும் 1 கேட்வே, 2 முதல் 19 வரை கையால் போடுபவை, 20 முதல் 99 வரை ரிசர்வேஷன், 100-க்கு மேல் பூல் என்று ஒரே ஒழுங்கை வையுங்கள். கையால் எண் போடுவது கேட்வே, சர்வர், ஸ்விட்ச் அளவோடு நிற்கட்டும். பிரிண்டர், கைரேகை மெஷின், கேமரா எல்லாவற்றையும் டிஹெச்சிபிக்கு மாற்றி, சர்வரில் மேக்கை வைத்து ரிசர்வேஷன் போடுங்கள். எண் மாறாது, ஆனால் யாருக்கு எந்த எண் என்ற அதிகாரம் ஒரே இடத்தில் இருக்கும். உங்கள் பிரச்சினைகள் அத்தனைக்கும் வேர், எண் கொடுக்கும் அதிகாரம் சர்வர், கேமராக்காரர், மெஷின்காரர் என மூன்று கைகளில் இருப்பதுதான்.

லீஸ் காலம் கம்ப்யூட்டர்களுக்கு 8 நாள் இருக்கட்டும், போன்களுக்கு 2 முதல் 4 மணி நேரம். சர்வர் ஒரு விலேனில் இருந்துகொண்டு மற்ற விலேன்களுக்கு எண் கொடுக்க, ஃபயர்வாலிலோ முதன்மை ஸ்விட்சிலோ ஒவ்வொரு விலேனுக்கும் 'டிஹெச்சிபி ரிலே' (எண் கேட்பதை சர்வரிடம் கடத்தும் ஏற்பாடு) போட வேண்டும். மாற்றிய மறுநாள் ஒரு விலேன் முழுக்க 169.254 என்று வந்தால், ரிலேவை மறந்திருப்பீர்கள், அல்லது அந்த சப்நெட்டுக்கு ஸ்கோப் போட்டிருக்க மாட்டீர்கள்.

மாற்றும் வரிசை முக்கியம். முதலில் போன்கள். அவற்றில் எதையும் தொட வேண்டாம், வைஃபையை வேறு விலேனுக்குத் திருப்பினால் போதும். அதிலேயே நெரிசல் தீர்ந்துவிடும். அடுத்து கேமரா. பிறகு பிரிண்டர், ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பிரிண்டர் போர்ட்டில் பழைய எண் பதிந்திருக்கும், அதை எண்ணாக இல்லாமல் டிஎன்எஸ் பெயராகப் போட்டுவிட்டால் அடுத்த முறை இந்த வேலை இல்லை. கம்ப்யூட்டர்களை மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே அவற்றின் லீஸை 1 மணி நேரமாக்கிவிடுங்கள். கைரேகை மெஷின் கடைசி. சனிக்கிழமை சம்பளக் கணக்கு முடிந்த பிறகு, மெஷினில் தங்கியிருக்கும் பதிவுகள் எல்லாம் இறங்கிவிட்டதைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். வருகைப்பதிவு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு மெஷினின் எண்ணையும் மாற்ற வேண்டியிருக்கும். டேலி போன்றவற்றில் சர்வர் எண் பதிந்திருக்கும் இடங்களையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

ஸ்விட்சுகள் விலேன் தெரிந்த மேனேஜ்டு வகையாக இருக்க வேண்டும். முதலாளி ஒதுக்கிய பணத்தை சாஃப்ட்வேருக்குப் பதில் இங்கே போடச் சொல்வேன். இன்னொரு காரணம், அந்த ஸ்விட்சுகளில் 'டிஹெச்சிபி ஸ்னூப்பிங்' இருக்கும். ஹாஸ்டலில் யாராவது வீட்டு ரூட்டரைக் கொண்டுவந்து அதன் லேன் போர்ட்டில் உங்கள் கேபிளைச் செருகினால், அதுவும் எண் கொடுக்க ஆரம்பிக்கும். வாங்கியவர்களுக்கு இன்டர்நெட் வராது. அந்த ரூட்டரின் சொந்த எண் 192.168.1.1 ஆகி உங்கள் கேட்வேயும் அதே எண்ணாக இருந்தால் மொத்தக் கம்பெனியும் நிற்கும். சந்தேகம் வந்தால் பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டரில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' கொடுத்து, 'டிஹெச்சிபி சர்வர்' என்ற வரியில் உங்கள் சர்வரின் எண்தானா என்று பாருங்கள். ஸ்னூப்பிங் போட்டால், நீங்கள் நம்பும் போர்ட்டிலிருந்து மட்டுமே எண் வழங்க ஸ்விட்ச் அனுமதிக்கும். ஆனால் சர்வருக்குப் போகும் போர்ட்டையும் ஸ்விட்சுகளுக்கு இடையேயான போர்ட்களையும் 'டிரஸ்டட்' என்று குறிக்காமல் ஸ்னூப்பிங்கைப் போட்டால் யாருக்குமே எண் கிடைக்காது. இது பலரும் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொள்ளும் சூனியம்.

இத்தனைக்கும் பிறகுதான் சாஃப்ட்வேர். உங்கள் அளவுக்கு பிஹெச்பிஐபேம் என்ற ஐபி நிர்வாக சாஃப்ட்வேர் போதும், இலவசம். யுபிஎஸ்ஸில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு ஓட்டலாம். சப்நெட்டுகளைப் பதிந்து, ஸ்கேன் ஸ்கிரிப்டுகளை 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி வைத்தால், எந்த எண் உயிரோடு இருக்கிறது, பட்டியலில் இல்லாத எது புதிதாக வந்தது என்று காட்டும். அது முக்கியமாக பிங்கை நம்புவதால், அந்த ஒரு கம்ப்யூட்டரிலிருந்து வரும் பிங்குக்கு மட்டும் பதில் சொல்லும்படி குரூப் பாலிசி (எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் ஒரே இடத்திலிருந்து விதி போடும் வசதி) வழியாக விண்டோஸ் ஃபயர்வாலில் விதி போடுங்கள். நெட்பாக்ஸைப் பலர் பரிந்துரைப்பார்கள். நல்ல கருவிதான், ஆனால் நெட்வொர்க் எப்படி இருக்க வேண்டும் என்பதை எழுதி வைக்கும் ஏடு அது. நிஜத்தில் எப்படி இருக்கிறது என்று அதுவாகப் போய்த் தேடாது. டேட்டா சென்டர் நடத்துபவர்களுக்குப் பொருந்தும். காசு கொடுத்து, ஆதரவோடு வேண்டுமென்றால் சென்னை ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் ஓப்யூடில்ஸ் இருக்கிறது. ஐபி பட்டியலோடு ஸ்விட்ச் போர்ட்டையும் சேர்த்துக் காட்டும். ஆனால் எண் கொடுப்பவர் மூன்று பேராக இருக்கும்வரை அதுவும் மோதல்களை அழகான சிவப்பு நிறத்தில் காட்டுமே தவிர நிறுத்தாது.

அதே லினக்ஸ் பெட்டியில் ஆர்ப்வாட்ச் என்ற சின்ன நிரலையும் போடுங்கள். ஏஆர்பி பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்து, புதுக் கருவி வந்தால் 'நியூ ஸ்டேஷன்' என்றும், ஒரே எண் இரண்டு மேக்குகளுக்கு இடையே மாறி மாறித் தெரிந்தால் 'ஃபிளிப் ஃபிளாப்' என்றும் மெயில் அனுப்பும். உங்கள் 201 சண்டையை அது முதல் திங்களன்றே சொல்லியிருக்கும். பிரிண்டர், கேமரா, கம்ப்யூட்டர் விலேன்களுக்கு மட்டும் போடுங்கள். போன் விலேனில் போட்டால் போலி மேக்குகளால் தினமும் மெயில் குவியும், ஒரு வாரத்தில் நீங்களே படிப்பதை நிறுத்திவிடுவீர்கள். இதோடு பூல் 80 சதவீதத்தைத் தாண்டினால் எச்சரிக்கை, ரிசர்வேஷன் உள்ள கருவி பதில் சொல்லாவிட்டால் எச்சரிக்கை, இரண்டும் இருந்தால் போதும். ஸ்விட்சுகளை எஸ்என்எம்பி (கருவிகளைத் தொலைவிலிருந்து படிக்கும் முறை) வழியாகப் படிப்பதென்றால், பாஸ்வேர்டு போல இருக்கும் 'பப்ளிக்' என்ற இயல்பான சொல்லை முதலில் மாற்றுங்கள், படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, பதிவுகள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கடிகாரங்களை என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வரோடு ஒத்திசைக்க வேண்டும். விண்டோஸ் டிஹெச்சிபியின் தணிக்கைப் பதிவு கிழமைக்கு ஒரு கோப்பாக எழுதப்படும். அடுத்த திங்கள் வந்ததும் போன திங்களின் கோப்பு மேலெழுதப்பட்டுவிடும். ஆக உங்களிடம் இப்போது இருப்பது 7 நாள் பதிவு மட்டுமே. தினமும் நள்ளிரவுக்குப் பிறகு முந்தைய நாள் கோப்பைத் தேதியிட்ட பெயரில் வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்கும் ஒரு டாஸ்க் போட்டுவிடுங்கள். நேரமும் முக்கியம். ஃபயர்வால் பதிவு 'இந்த உள் எண்ணிலிருந்து இந்த நேரத்தில் வெளியே போனது' என்று சொல்லும். அந்த நேரத்தில் எண் யாரிடம் இருந்தது என்பதை டிஹெச்சிபி பதிவு சொல்லும். 2 மணி நேர லீஸில் எண்கள் வேகமாகக் கைமாறும், இரண்டு கடிகாரங்களுக்கும் பத்து நிமிடம் வித்தியாசம் இருந்தால் தவறான ஆளின் பெயர் வரும்.

எதையும் தொடும் முன் டிஹெச்சிபி கன்சோலில் சர்வர் பெயரில் வலது கிளிக் செய்து 'பேக்கப்' எடுங்கள். ஃபயர்வால், ஸ்விட்ச் அமைப்புகளையும் கோப்பாக இறக்கி வையுங்கள். நீங்கள் ஒருவரே பார்ப்பதால் இன்னொன்றும் செய்யுங்கள். கேட்வே, சர்வர்கள், முதன்மை ஸ்விட்ச், என்விஆர், 6 கைரேகை மெஷின்கள் ஆகியவற்றின் எண், மேக், ஸ்விட்ச் போர்ட் மூன்றையும் ஒரு தாளில் அச்சிட்டு சர்வர் ரேக்கின் கதவுக்கு உட்புறம் ஒட்டுங்கள், தேதியோடு. பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுத வேண்டாம். நெட்வொர்க் விழுந்து கிடக்கும் நேரத்தில் பிஹெச்பிஐபேம் பக்கமும் திறக்காது.